ஒரு வானம், அறுபது கூடங்கள்

நெதர்லாந்தின் தெற்கு மூலையில், பெல்ஜியமும் ஜெர்மனியும் கூப்பிடு தூரத்தில் இருக்குமிடத்தில், மாஸ்ட்ரிக்ட் விமான நிலையம் இருக்கிறது. சிறிய நிலையம்தான். அதன் அருகே உள்ள கட்டுப்பாட்டுக் கூடத்தில் பணிபுரிகிறவர்களுக்கு அங்கே ஏறி இறங்கும் விமானங்களோடு தொடர்பு இல்லை. அவர்களுடைய திரைகளில் தெரிவது 24,500 அடிக்கு மேலே இருக்கும் வானம். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், ஜெர்மனியின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் மேல்வானம் முழுவதையும் அந்த ஒரே கூடம் நடத்துகிறது. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய பெருநிலையங்களுக்கு ஏறுகிறவையும் இறங்குகிறவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கும் இடம் அது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 18 லட்சம் விமானங்கள் அளவுக்கு அது கையாண்டது.

பிரஸ்ஸல்ஸுக்கு மேலிருந்து ஹானோவரை நோக்கி ஒரு விமானம் நகரும்போது தரையில் நாடு மாறுகிறது. கூடத்தில் மாறுவது மேசை மட்டும். அடுத்த மேசையில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துப் பேசிவிடலாம். மென்பொருள் ஒன்று, ராடார் படம் ஒன்று, பயிற்சி முறையும் ஒன்று.

இந்தக் கூடம் 1972 முதல் இயங்கிவருகிறது. எல்லைக்கோடுகளைப் பாராமல் ஐரோப்பிய வானை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செயலில் விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் ஐரோப்பாவில் இன்று வான்வழியைக் கவனிக்கும் பெரிய கட்டுப்பாட்டு மையங்கள் ஏறக்குறைய அறுபது. அவற்றை நடத்தும் நிறுவனங்கள் நாற்பதுக்குச் சற்றே குறைவு. ஏன் இப்படி, இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், சிக்கனம் எங்கே செய்ய வேண்டும், எங்கே செய்யவே கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

யூரோகண்ட்ரோல் என்ற அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தம் 1960 டிசம்பர் 13 அன்று பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தானது. பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து, பிரிட்டன் என ஆறு நாடுகள். ஜெட் பயணிகள் விமானங்கள் வந்துவிட்ட காலம் அது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒன்று லக்ஸம்பர்க்கை ஐந்தாறு நிமிடங்களில் தாண்டிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கென ஒரு நாடு தனிக் கூடமும் தனி அலைவரிசையும் தனி ஆட்களும் வைத்துக்கொள்வதில் பொருளில்லை என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். மேல்வானத்தைப் பொதுவில் வைத்து நடத்துவது என்பதே எண்ணம்.

எண்ணம் கையெழுத்தின் மை உலர்வதற்குள்ளேயே தளர்ந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, பிறர்க்கு இடமில்லாத இறையாண்மை உண்டு என்கிறது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. பிரான்சும் பிரிட்டனும் தங்கள் மேல்வானத்தைத் தாங்களே வைத்துக்கொண்டன. தெற்கு ஜெர்மனிக்காக யூரோகண்ட்ரோல் அமைத்த கார்ல்ஸ்ரூ மையம் ஜெர்மனியின் கைக்கும், அயர்லாந்தின் ஷானன் மையம் அந்த நாட்டின் கைக்கும் போயின. மாஸ்ட்ரிக்ட் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது மாஸ்ட்ரிக்டை உருவாக்க ஒரு முயற்சி நடந்தது. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, இத்தாலி ஆகிய எட்டு நாடுகள் 1997இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மத்திய ஐரோப்பாவின் மேல்வானத்தை வியன்னாவில் அமையும் ஒரே மையம் நடத்தும் என்றது அந்த ஒப்பந்தம். ஆண்டுக்கணக்கில் பேசினார்கள், திட்டமிட்டார்கள். மையம் திறக்கவே இல்லை. தன் கூடத்தை மூட எந்த நாடும் முன்வராதபோது புதுக் கூடம் எப்படித் திறக்கும்?

விலையைப் பார்ப்போம். ஐரோப்பாவில் வான் போக்குவரத்தை நடத்த ஆண்டுக்கு 800 கோடி யூரோவுக்கு மேல் செலவாகிறது. பெரும்பகுதியை விமான நிறுவனங்கள் கட்டணமாகக் கட்டுகின்றன, அதாவது டிக்கெட் வாங்குகிறவர் கட்டுகிறார். இந்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் அதைச் சார்ந்தவையும். இதைக் கேட்டதும், கட்டுப்பாட்டாளர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அங்கேதான் கை வைக்க வேண்டும் என்று தோன்றும். ஐரோப்பிய விமான நிறுவனங்கள் நெடுங்காலமாக அப்படித்தான் பேசிவந்தன. கணக்கை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். இந்த நிறுவனங்களின் ஊழியர்களில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களை நடத்துகிறவர்கள் மூன்றில் ஒருவர்தான். மொத்தச் செலவில் அவர்களுடைய பங்கு பத்தில் மூன்று அளவுக்கு வரும். மீதி ஏழு பங்கும் திரைக்குப் பின்னால் போகிறது: மென்பொருள், ராடார், பராமரிப்பு, பயிற்சிப் பள்ளி, தலைமையகம், திட்டப் பிரிவு, கணக்குப் பிரிவு, மூலதனச் செலவு. ஒவ்வொரு நாடும் இவை எல்லாவற்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. பிளவுபட்ட வானத்தின் உண்மையான செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவோடு அடிக்கடி ஒப்பிடுவார்கள். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் பரப்பு ஐரோப்பிய வான்வெளியை ஒட்டியதுதான். அங்கே ஒரே நிறுவனம், வான்வழிக்கு 20 மையங்கள். ஐரோப்பாவைவிடக் கணிசமாகக் கூடுதலான விமானங்களை, ஐரோப்பாவைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான கட்டுப்பாட்டாளர்களைக் கொண்டு நடத்துகிறார்கள். இந்தியாவிலும் விமான நிலைய ஆணையம் ஒன்றுதான் நாடு முழுவதற்கும். ஆனால் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. அமெரிக்கா ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே ராணுவம். அங்கே செலவுக்குப் பணம் பெரும்பாலும் வரியிலிருந்து வருகிறது. நாடாளுமன்றத்தில் பட்ஜெட் சிக்கிக்கொண்டால் கட்டுப்பாட்டாளர் சம்பளமில்லாமல் வேலை செய்ய நேர்கிறது. ஆள் பற்றாக்குறையும் அங்கே தீராத நோய்.

ஐரோப்பாவின் நோயைப் புரிந்துகொள்ள ஒரு செக்டரை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வான்வெளியைப் பெட்டி பெட்டியாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு செக்டர். பொதுவாக அதற்கு இரண்டு பேர். ஒருவர் விமானிகளோடு வானொலியில் பேசுவார். மற்றவர் அடுத்த பத்து, பதினைந்து நிமிடங்களில் உள்ளே வரப்போகும் விமானங்களைப் பார்த்து, எது எந்த உயரத்தில் நுழைவது, எந்த உயரத்தில் வெளியேறுவது என்று பக்கத்துச் செக்டர்களோடு முடிவு செய்வார். விமானம் எல்லையை நெருங்கியதும், இன்ன மையத்தை இன்ன அலைவரிசையில் கூப்பிடு என்று முதலாமவர் சொல்வார். விமானி அதைத் திருப்பிச் சொல்லி, அலைவரிசையை மாற்றி, புதியவரிடம் தன் அழைப்புப் பெயரையும் உயரத்தையும் சொல்வார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு மனிதரின் கவனம் அந்த நேரத்தில் அங்கே போகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு செக்டருக்குள் இத்தனை விமானம்தான் நுழையலாம் என்று எண் வைப்பதற்குக் காரணம் வானத்தில் இடமில்லாதது அல்ல. மனிதரின் கவனத்துக்கு அளவு இருப்பதுதான்.

நெரிசல் கூடினால் செக்டரை இரண்டாகப் பிரிக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு செக்டரும் சிறிதாகி, விமானம் உள்ளே நுழைவதும் வெளியேறுவதுமே வேலையாகிவிடும், ஒப்படைப்பு வேலை மட்டும் பெருகும். செக்டரின் எல்லைகள் விமானங்கள் ஓடும் போக்கை ஒட்டி அமைந்திருந்தால் இதைத் தள்ளிப்போடலாம். ஐரோப்பாவில் பல செக்டர்களின் எல்லைகளை 19, 20ஆம் நூற்றாண்டுகளின் போர்களும் அமைதி ஒப்பந்தங்களும் வரைந்திருக்கின்றன.

ஆளைக் கூட்டுவதும் நினைத்தவுடன் நடக்காது. தேர்வு செய்த ஒருவர் முழு உரிமத்தோடு தனியே உட்கார மூன்று ஆண்டுகள் வரை ஆகும். உரிமமும் குறிப்பிட்ட மையத்தின் குறிப்பிட்ட செக்டர்களுக்குத்தான் செல்லும். கார்ல்ஸ்ரூவில் நெரிசல், பக்கத்து நாட்டு மையத்தில் ஆள் சும்மா இருக்கிறார் என்றால் அவரை இங்கே உட்கார வைக்க முடியாது. உபரியும் பற்றாக்குறையும் ஒரே நாளில், ஒரே கண்டத்தில், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஒன்றால் மற்றொன்றைத் தீர்க்க வழியில்லை.

அப்போது என்ன செய்வார்கள்? விமானத்தைத் தரையில் நிறுத்திவைப்பார்கள். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் யூரோகண்ட்ரோலின் வலையமைப்பு மேலாண்மை மையம் ஐரோப்பாவின் எல்லாப் பறப்புத் திட்டங்களையும் வாங்கிப் பார்க்கிறது. எந்தச் செக்டரில் எத்தனை மணிக்கு அளவு மீறும் என்று கணக்கிட்டு, புறப்படும் நேரத்தைத் தள்ளிவைக்கிறது. அதுதான் ஸ்லாட். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலும் பத்து நிமிடம் பின்னாலும் புறப்படலாம், தவறினால் வேறு ஸ்லாட் கேட்க வேண்டும். பார்சிலோனாவில் வெயில் பளீரென்று அடிக்கிறது, போய்ச் சேர வேண்டிய கோபன்ஹேகனிலும் நல்ல வானிலை. கதவைச் சாத்திய பிறகு விமானி, நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவிக்கிறார். நடுவே ஏதோ ஒரு பெட்டியில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன என்பதுதான் அதற்குப் பொருள்.

இனி கட்டணம். ஒரு விமானம் ஒரு நாட்டின் வான்வெளியில் கடக்கும் தூரத்தை நூறால் வகுப்பார்கள். விமானத்தின் அதிகபட்ச எடையை டன்னில் எடுத்து ஐம்பதால் வகுத்து வர்க்கமூலம் காண்பார்கள். இரண்டையும் பெருக்கினால் சேவை அலகு. அதை அந்த நாட்டின் அலகுக் கட்டணத்தால் பெருக்கினால் பில் வந்துவிடும். 78 டன் எடையுள்ள ஏ320 ஒன்று 400 கிலோமீட்டர் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 4, எடைக் காரணி 1.25, சேவை அலகு 5. அலகுக் கட்டணம் 60 யூரோ உள்ள நாட்டில் பில் 300 யூரோ, 100 யூரோ உள்ள நாட்டில் 500. நாட்டுக்கு நாடு கட்டணம் இப்படி மாறுவதால், சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று மலிவான வானத்தைத் தேடிப் போகும் விமானங்கள் உண்டு. பணம் மிச்சமாகிறது, எரிபொருள் கூடுதலாக எரிகிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். நாடுகள் தத்தம் கணக்கைத் தனித்தனியே நேர் செய்துகொள்வதன் விலையைக் காற்று சுமக்கிறது.

இந்தப் பணத்தை வசூலிக்கும் வேலை 1971 முதலே பொதுவானது என்பதைக் கவனியுங்கள். யூரோகண்ட்ரோல் ஒரே பில் அனுப்பி வாங்கி நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பணம் வாங்குவதற்கு ஒரே சன்னல் போதும் என்று எல்லா நாடுகளும் எளிதில் ஒப்புக்கொண்டன. வேலை செய்வதற்கு மட்டும்தான் ஒவ்வொருவருக்கும் தனிச் சன்னல் தேவைப்பட்டது.

2011 வரை செலவு எவ்வளவோ அவ்வளவும் கட்டணமாகத் திரும்பிவிடும். விமானங்கள் குறைந்தால் அலகுக் கட்டணம் ஏறும், அதாவது தொழில் நொடித்துக் கிடக்கும்போது விமான நிறுவனங்களுக்குப் பில் கூடும். சிக்கனம் செய்ய எந்தத் தூண்டுதலும் இல்லை. இதை மாற்ற ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் செயல்திறன் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு, சுற்றுச்சூழல், கொள்ளளவு, செலவு என நான்கு துறைகளிலும் இலக்கு. விமான எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் முதல் 2 சதவீத இழப்பு சேவை நிறுவனத்தின் தலையில். அதற்கு மேல் 10 சதவீதம் வரை அதற்கு 30 பங்கு, விமான நிறுவனங்களுக்கு 70 பங்கு. அதற்கும் மேலே போனால் முழுவதும் விமான நிறுவனங்களுக்கு. கூட்டிப் பார்த்தால், சேவை நிறுவனம் இழக்கக்கூடியது அதிகபட்சம் 4.4 சதவீதம்.

திட்டம் ஒரு வகையில் பலித்தது. அலகுச் செலவு ஆண்டுக்காண்டு இறங்கியது. எப்படி இறங்கியது என்பதில்தான் வினை இருந்தது. திரைக்குப் பின்னால் இருக்கும் ஏழு பங்கைக் குறைக்க வேண்டுமானால் நாடுகள் கூட வேண்டும், அலுவலகங்களை மூட வேண்டும், தொழிற்சங்கங்களோடும் அமைச்சகங்களோடும் மல்லுக்கட்ட வேண்டும். எளிதான வழி வேறொன்று இருந்தது: புதிதாக ஆள் எடுக்காமல் இருப்பது. 2008க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் விமானங்கள் குறைந்திருந்ததால் அது அப்போது தெரியவும் இல்லை. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குதிர் கணக்கில் மிச்சம் காட்டியதுபோல் ஆயிற்று.

விளைவு 2018இல் வந்தது. ஐரோப்பாவில் அந்த ஆண்டு ஏறக்குறைய 1.1 கோடி விமானங்கள் பறந்தன. வான்வழி நெரிசல் மேலாண்மையால் நேர்ந்த தாமதம் மொத்தம் 1.9 கோடி நிமிடம், முந்தைய ஆண்டைப்போல் இரு மடங்கு. ஒரு விமானத்துக்கு அரை நிமிடம் என்பது இலக்கு. நேர்ந்தது 1.7 நிமிடத்துக்கு மேல். கார்ல்ஸ்ரூவும் மார்செய்யும் பட்டியலின் உச்சியில் இருந்தன. கோடை இடிமழையும் வேலைநிறுத்தமும் ஒரு பங்கு, ஆள் பற்றாக்குறையும் கொள்ளளவுக் குறைவும் பெரும்பங்கு.

இந்தத் தாமதத்துக்கு விலை போட்டுப் பார்க்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று, நெரிசல் தாமதத்தின் ஒரு நிமிடம் விமான நிறுவனத்துக்குச் சராசரியாக 100 யூரோ என்று கணக்கிட்டது. அப்படியானால் 2018இன் தாமதம் 190 கோடி யூரோ. அலகுச் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்ததாகக் காட்டிய பணம் வேறொரு ஏட்டில் செலவாகிக்கொண்டிருந்தது. அந்த ஏடு சேவை நிறுவனத்துடையது அல்ல, விமான நிறுவனத்துடையது. பயணியின் நிலை இன்னும் பரிதாபம். கட்டுப்பாட்டுத் தாமதத்தை விமான நிறுவனத்தின் கைமீறிய அசாதாரணச் சூழ்நிலையாகக் கொள்வதால், ஐரோப்பியச் சட்டம் தரும் இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் அவருக்குக் கிடைக்காது. தாமதத்தை உண்டாக்கியவர் அதன் விலையைத் தராத ஏற்பாட்டில் தாமதம் குறையும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நாற்காலியைக் காலியாக விடுவதன் விலை பணத்தோடு நிற்காது என்பதற்கு ஓர் இரவு சாட்சி. 2002 ஜூலை 1, பின்னிரவை நெருங்கும் நேரம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லையில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் மோதின. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிக் குழந்தைகள். ஜெர்மன் மண்ணுக்கு மேலே இருந்த அந்த வானத்தை சூரிச் மையம் கவனித்துக்கொண்டிருந்தது. பணியில் இருக்க வேண்டிய இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இரவில் அப்படிப் போவது அங்கே நெடுநாள் வழக்கம், நிர்வாகமும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மற்றவர் இரண்டு திரைகளையும் இரண்டு அலைவரிசைகளையும் தனியே பார்த்துக்கொண்டு, தாமதமாக வந்த இன்னொரு விமானத்தை இறக்கும் வேலையிலும் இருந்தார். பராமரிப்புக்காகத் தொலைபேசியின் முதன்மை இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது, மாற்று இணைப்பிலும் கோளாறு. கார்ல்ஸ்ரூ மையத்தின் திரையில் மோதல் எச்சரிக்கை தெரிந்தது. அங்கிருந்தவர் சூரிச்சைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். இணைப்பு கிடைக்கவில்லை. இரண்டு விமானங்களையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவற்றோடு பேச அலைவரிசை இல்லை.

விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. விமானத்துக்குள்ளிருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி ஒன்று சொல்ல, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொல்ல, எதைக் கேட்பது என்பதில் அன்று எல்லா நாட்டு விமானிகளுக்கும் ஒரே தெளிவு இல்லை. ஆனால் ஆள் குறைப்பும் எல்லைக்கோடும் அந்த இரவில் ஒன்றாகச் சேர்ந்து நின்றதை மறக்க முடியாது. 2006இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகர நீதிமன்றம், அந்த வான்வெளியை சுவிட்சர்லாந்தின் பொறுப்பில் விட்டதற்குச் செல்லத்தக்க ஒப்பந்தமே இல்லை, ஆகவே பொறுப்பு ஜெர்மனியுடையது என்று தீர்ப்பளித்தது. வானத்தைப் பகிர்ந்துகொள்வது வழக்கத்தாலும் வாய்ச்சொல்லாலும் நடக்கக் கூடாது, எழுத்தில், பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதை ஐரோப்பா இவ்வளவு கொடிய முறையில் கற்க நேர்ந்தது.

1999இல் கொசோவோ போரும் நெரிசலும் சேர்ந்து ஐரோப்பிய வானத்தை ஸ்தம்பிக்க வைத்த பிறகுதான் ஒற்றை ஐரோப்பிய வானம் என்ற திட்டமே பிறந்தது. அதன் சட்டங்கள் 2004இல் நிறைவேறின. அடுத்த ஆண்டு அறிவித்த குறிக்கோள்கள் பெரியவை: கொள்ளளவு மும்மடங்கு, பாதுகாப்பு பத்து மடங்கு, சுற்றுச்சூழல் பாதிப்பில் 10 சதவீதக் குறைவு, பயனாளருக்குச் செலவு பாதி. நாடுகள் ஒன்பது செயல்சார் வான்வெளித் தொகுதிகளாகச் சேர வேண்டும் என்று 2012 டிசம்பர் வரை கெடு வைத்தார்கள். தொகுதிகள் காகிதத்தில் அமைந்தன. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், சுவிட்சர்லாந்து சேர்ந்த தொகுதி ஐரோப்பிய விமானங்களில் பாதிக்கு மேல் கையாள்கிறது. அது அமைந்ததால் மூடப்பட்ட மையம் ஒன்றுகூட இல்லை. 2017இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் தன் அறிக்கைக்குத் தலைப்பு வைத்தபோதே, மனப்பான்மை மாறியிருக்கிறது, வானம் ஒன்றாகவில்லை என்று சொல்லிவிட்டது.

எல்லாமே தோல்வி என்று சொன்னால் அது பொய்யாகும். 2009 மே மாதம் போர்ச்சுகல் தன் மேல்வானத்தில் வழித்தடங்களை நீக்கிவிட்டது. நுழையும் புள்ளியையும் வெளியேறும் புள்ளியையும் சொல்லிவிட்டு விமானம் நேர்கோட்டில் போகலாம். இன்று ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்தச் சுதந்திர வழி முறை நடைமுறையில் இருக்கிறது, பல இடங்களில் எல்லை தாண்டியும். எந்த மையத்தையும் மூடச் சொல்லாமல், யாருடைய வேலையையும் பறிக்காமல் கிடைத்த பலன் இது. இதன் அளவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேர்கோட்டைவிட ஐரோப்பிய விமானங்கள் இன்று கூடுதலாகப் பறக்கும் தூரம் சராசரியாக 3 சதவீத அளவுதான். அதிலும் ஒரு பகுதி மோதலைத் தவிர்க்கவும் இடிமேகத்தைச் சுற்றவும் தேவையானது. வான்வெளியைச் சீர்திருத்தினால் விமானப் புகையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன்.

இன்னும் கவனத்துக்குரியது ஹங்கேரி செய்திருப்பது. கொசோவோவின் மேல்வானம் போருக்குப் பின் 15 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2014 ஏப்ரல் முதல் அதை புடாபெஸ்டிலிருந்து ஹங்கேரியின் நிறுவனம் நடத்துகிறது. இரண்டுக்கும் பொது எல்லைகூடக் கிடையாது. ராடார் தரவும் வானொலிக் குரலும் கம்பி வழியே போய்விடுமானால் கூடம் எந்த ஊரில் இருந்தால் என்ன? ஸ்வீடனில் 2015 முதல் ஊர்ன்ஷல்ட்ஸ்விக் நிலையத்தின் விமானங்களை சுண்ட்ஸ்வால் நகரில் திரை முன் அமர்ந்திருப்பவர்கள் கேமராக்கள் வழியாகப் பார்த்து நடத்துகிறார்கள். ஸ்வீடன், டென்மார்க், அயர்லாந்து, ஆஸ்திரியா, குரோஷியா, போர்ச்சுகல் ஆகியவை சேர்ந்து ஒரே மென்பொருளை வாங்கி, ஒன்றாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. திரைக்குப் பின்னால் இருக்கும் ஏழு பங்கில் கை வைப்பது என்றால் இதுதான். கட்டுப்பாட்டாளர் தன் ஊரிலேயே இருக்கலாம், நாட்டின் இறையாண்மை சட்டத்தில் அப்படியே இருக்கலாம். தரவும் கருவியும் பராமரிப்பும் பொதுவாகின்றன.

பொதுவாக்குவதில் ஆபத்து இல்லையா? உண்டு. 2018 ஏப்ரல் 3 அன்று பிரஸ்ஸல்ஸ் மையத்தின் நெரிசல் மேலாண்மைக் கணினி நின்றுபோனபோது கண்டம் முழுவதும் விமானங்கள் தாமதமாயின. தனித்தனியே வைத்திருப்பதும் காப்பாற்றாது. 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பறப்புத் திட்டம் பிரிட்டனின் கணினிக்கு வந்தது. அதன் பாதையில் டி.வி.எல். என்ற ஒரே குறியீடு கொண்ட இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று பிரான்சின் டோவில், மற்றொன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள டெவில்ஸ் லேக். எது எது என்று பிரித்தறியாத மென்பொருள் தவறான தகவலைத் தந்துவிடக் கூடாதென்று தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினிக்கும் அதே மூளை என்பதால் அதுவும் நின்றது. அதன் பின் கையால் திட்டங்களைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். இத்தகைய பொறிகள் ஒவ்வொரு நாட்டு மென்பொருளிலும் தனித்தனியே புதைந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேடியெடுக்கத் தனித்தனிப் பொறியாளர் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நல்ல தரத்தில் இரண்டு மூன்று பொது மென்பொருள்கள், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி அமைந்தவை, முப்பதுக்கு மேற்பட்ட தனி ஏற்பாடுகளைவிடப் பாதுகாப்பானவை என்பது என் முடிவு.

வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சின் வானம் ஐரோப்பாவின் நடுக்கூடம். ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கோ பிரிட்டனிலிருந்து இத்தாலிக்கோ போகிறவர் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கட்டுப்பாட்டாளர் வேலையை நிறுத்தினால் பிரான்சில் கால் வைக்காத பயணியும் தவிக்கிறார். வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்த உரிமை இருக்கிறது, கூடவே நாட்டைக் கடந்து மட்டும் செல்லும் விமானங்களுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. பிரான்ஸ் 2023 டிசம்பரில் கொண்டுவந்த சட்டம், நிறுத்தத்தில் சேரும் கட்டுப்பாட்டாளர் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கடந்து செல்லும் விமானங்களைப் பற்றி அது எதுவும் செய்யவில்லை. எந்த மென்பொருளும் வாங்காமல், ஒரு யூரோ செலவில்லாமல் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது.

பெருந்தொற்று பழைய தவற்றை மீண்டும் செய்ய வைத்தது. 1.1 கோடியாக இருந்த விமானங்கள் 2020இல் 50 லட்சமாயின. வருமானம் போனது, செலவு அப்படியே இருந்தது. பல நிறுவனங்கள் பயிற்சியை நிறுத்தின அல்லது குறைத்தன. இழந்த வருமானத்தை 2023 தொடங்கிப் பல ஆண்டுகளில் கட்டணமாக வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். அப்போது சேர்க்காத மாணவர்தான் இன்று காலியாக இருக்கும் நாற்காலி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வானம் மூடியதும், ரஷ்ய வானம் ஐரோப்பியர்களுக்கு மூடியதும் மீதமுள்ள இடத்தில் நெரிசலைக் கூட்டியிருக்கின்றன.

ஒற்றை வானத் திட்டத்தைப் புதுப்பிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2013இல் முன்வைத்தது. ஜிப்ரால்டர் விமான நிலையம் யாருடைய வானத்தில் இருக்கிறது என்ற ஸ்பெயின், பிரிட்டன் தகராறில் அது ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2020இல் திருத்தி மீண்டும் கொண்டுவந்து, 2024 அக்டோபரில் நிறைவேற்றி, டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 11 ஆண்டுகள் கடந்து வந்தபோது அதன் கூர்மை பெரிதும் மழுங்கியிருந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஒட்டிக் கட்டணத்தை மாற்றியமைக்கவும், வான் தரவுச் சேவையைத் தனியே சந்தையில் வாங்கவும் அது இடம் தருகிறது. கட்டாயப்படுத்துவது குறைவு. கட்டாயமில்லாத இடத்தில் நாடுகள் என்ன செய்யும் என்பதை ஒன்பது தொகுதிகளும் காட்டிவிட்டன.

ஐரோப்பிய அமைச்சர்கள் செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது இவ்வளவே. கட்டுப்பாட்டாளர் எண்ணிக்கையைச் செலவு இலக்கிலிருந்து விலக்கி வையுங்கள், விமானங்கள் குறைந்த ஆண்டிலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். மென்பொருள், தரவு, பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்ந்து வாங்காத நிறுவனம் அந்தச் செலவைக் கட்டணத்தில் ஏற்ற முடியாதபடி செய்யுங்கள். தாமதத்தின் விலையில் ஒரு பங்காவது அதை உண்டாக்கியவரின் ஏட்டில் எழுதுங்கள். மையங்களை மூடும் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வியன்னாவில் எட்டு நாடுகள் திட்டமிட்ட கூடம் இன்றுவரை இல்லை. நான்கு நாடுகளின் மேல்வானத்தை ஒன்றாக நடத்தும் கூடம் ஐரோப்பாவில் ஒன்றுதான் இருக்கிறது, 1972இல் மாஸ்ட்ரிக்டில் தொடங்கியது.